மணியாச்சி 1911 – அத்தியாயம் 9: கூண்டில் ஏறிய 14 பேர்

சுட்டவர் செத்துவிட்டார். சுடப்பட்டவரும் செத்துவிட்டார். 1911 ஜூன் 17 பிற்பகலில் திருநெல்வேலி ஜில்லா போலீஸின் கையில் மிஞ்சியவை இரண்டு பிரேதங்கள், பெல்ஜியத்தில் செய்த ஒரு பிரௌனிங் கைத்துப்பாக்கி, வாஞ்சிநாதனின் சட்டைப் பையில் இருந்த ஒரு கடிதம். விசாரிக்க ஆள் இல்லை, தண்டிக்கவும் ஆள் இல்லை. சாதாரணக் கொலையாக இருந்தால் வழக்கு அந்த மணியாச்சி பிளாட்பாரத்திலேயே முடிந்திருக்கும்.

முடியவிடாமல் செய்தது அந்தக் கடிதம். கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்க மனைவியோடு கிளம்பிய கலெக்டர் ஆஷை வாஞ்சி முதல் வகுப்புப் பெட்டியில் ஏறிச் சுட்டதையும், பிறகு கழிப்பறைக்குள் ஓடித் தன் வாய்க்குள்ளேயே சுட்டுக்கொண்டதையும் சென்ற வாரம் பார்த்தோம். கடிதம் சொன்னது வேறு சேதி. ஜார்ஜ் மன்னர் இந்திய மண்ணில் கால் வைத்ததும் அவரைக் கொல்ல 3000 பேர் சபதம் செய்திருக்கிறார்கள், அவர்களில் கடையனான நான் இன்று இதைச் செய்தேன் என்றது. டிசம்பரில் டெல்லியில் மன்னருக்கு முடிசூட்டு தர்பார் நடக்க இருந்தது. ஆறு மாதம்கூட இல்லை. சென்னைக் கோட்டை முதல் லண்டன் வரை ஒரே கேள்விதான் ஓடியது: மிச்சமுள்ள 2999 பேர் எங்கே?

இந்தக் கடிதத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அது சுயராஜ்யத்தோடு சனாதன தர்மத்தையும் மீட்க வேண்டும் என்கிறது. மன்னரைச் சாதிப் பெயர் சொல்லி இழித்துப் பேசுகிறது. வாஞ்சியைப் போற்றுகிறவர்கள் அந்த வரிகளை விழுங்கிவிடுகிறார்கள். தூற்றுகிறவர்கள் அந்த வரிகளை மட்டுமே படிக்கிறார்கள். 25 வயதில் ஓர் இளைஞன் உயிரை விட்டதும் உண்மை, அவன் பையில் இருந்த தாளில் அந்த வரிகள் இருந்ததும் உண்மை. ஒன்றை மறைத்துவிட்டு மற்றொன்றை எழுத எனக்கு மனம் வரவில்லை.

செங்கோட்டையில் வாஞ்சியின் வீட்டைச் சோதனை போட்டார்கள். கிடைத்த காகிதங்களைப் பிடித்துக்கொண்டு தூத்துக்குடிப் பக்கம் போனார்கள். ஆறுமுகம் பிள்ளை பிடிபட்டார். அடுத்து சோமசுந்தரம் பிள்ளை. இருவரும் அப்ரூவர் ஆனார்கள். அவர்கள் வாய் திறந்ததும் வழக்குக்கு உயிர் வந்துவிட்டது.

அப்ரூவர்கள் விவரித்த சடங்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஓர் அறை. சுவரோரம் காளி படம், பூ, விபூதி, குங்குமம். குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்து வைத்திருக்கிறார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தச் சிவப்புத் தண்ணீரை வெள்ளைக்காரனின் ரத்தமாகப் பாவித்துக் குடிக்கிறார்கள். கட்டைவிரலைக் கீறி, வழியும் ரத்தத்தைச் சபதத் தாளில் பதிக்கிறார்கள். எல்லாரும் சின்ன வயதுக்காரர்கள். சடங்கை நடத்தி வைத்தவருக்கும் இருபது, இருபத்தொன்றுதான் வயது. சீர்காழிக்குப் பக்கத்து எருக்கூரில் பிறந்து, பத்திரிகை வேலைக்குப் புதுச்சேரி போய், அங்கிருந்து தெற்கே வந்து ஊர் ஊராக ரகசியச் சங்கம் கட்டியவர். பெயர் நீலகண்ட பிரம்மச்சாரி.

நீலகண்டனோடு ஊர் சுற்றியவர் சங்கரகிருஷ்ணன். வாஞ்சிக்கு மைத்துனர். வாஞ்சியைச் சங்கத்துக்குள் கொண்டுவந்ததும் அந்த உறவுதான்.

கைது நடவடிக்கை தென்காசி, செங்கோட்டை, புனலூர் என்று பரவியது. அந்த நாட்களில் போலீஸ் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் அடுத்த தெருவில் கதவு சாத்தும் சத்தம் கேட்டிருக்கும். இரண்டு பேர் போலீஸ் கையில் அகப்படவே இல்லை. தர்மராஜ ஐயரும் வெங்கடேஸ்வர ஐயரும் கைதாவதற்கு முன் தங்கள் உயிரை முடித்துக்கொண்டார்கள். சித்திரவதைக்கு அஞ்சியா, தெரிந்த பெயர்களைச் சொல்ல நேர்ந்துவிடுமோ என்ற அச்சத்தாலா? இரண்டும் சேர்ந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வாஞ்சிக்குச் செங்கோட்டையில் நினைவு மண்டபம் இருக்கிறது. இந்த இரண்டு பேரின் பெயரை அந்த ஊரிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆக, மணியாச்சிச் சம்பவத்தில் இந்தியர் பக்கம் மூன்று உயிர் போயிற்று. முதல் எதிரி இன்னும் சிக்கவில்லை.

அவர் அந்த ஜில்லாவிலேயே இல்லை. ஆஷ் சுடப்பட்ட அன்று நீலகண்டன் இருந்தது வடக்கே. வாஞ்சி விடுப்பு எடுத்துக்கொண்டு புதுச்சேரி போனதும், அங்கே வ.வே.சு. ஐயரின் மேற்பார்வையில் துப்பாக்கி பழகியதும் நீலகண்டன் தெற்கை விட்டு விலகிய பிறகு நடந்தவை. பரவலான புரட்சிக்கு ஆள் சேர்க்கத்தான் அவர் சங்கம் கட்டினார். தனியொருவரைச் சுடும் திட்டம் பின்னால் வந்தது, அதில் அவருக்குப் பங்கு இருந்ததாக நிரூபிக்க முடியவில்லை. ஆனாலும் கல்கத்தாவில் கைதாகி, சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, 14 எதிரிகளில் முதலாவதாக நிறுத்தப்பட்டவர் அவர்தான். சட்டப் புத்தகங்களில் வழக்கின் பெயரே சக்கரவர்த்திக்கும் நீலகண்டனுக்கும் நடந்த வழக்கு என்றுதான் இருக்கிறது. வாஞ்சியின் பெயர் அதில் இல்லை.

ஜூரி கிடையாது. சென்னை ஹைகோர்ட்டில் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேஷ பெஞ்ச்: தலைமை நீதிபதி சர் ஆர்னால்ட் ஒயிட், நீதிபதி ஐலிங், நீதிபதி சி. சங்கரன் நாயர். 1912 பிப்ரவரி 15-ம் தேதி தீர்ப்பு வந்தது. கொலைக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. அரசருக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி செய்தார்கள் என்பது நின்றது. ஒன்பது பேருக்குத் தண்டனை. நீலகண்டனுக்கு 7 ஆண்டு, சங்கரகிருஷ்ணனுக்கு 4 ஆண்டு, மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளைக்கும் மற்றவர்களுக்கும் அதைவிடக் குறைவு. மற்ற ஐந்து பேரும் விடுதலை. மேலே அப்பீல் போயும் பலன் இல்லை.

மன்னரைக் கொல்ல நின்றதாகச் சொல்லப்பட்ட 3000 பேர்? அந்த எண்ணின் பக்கத்தில்கூடப் போலீஸால் போக முடியவில்லை. தர்பாரும் டிசம்பரில் நடந்து முடிந்துவிட்டது.

மூன்று நீதிபதிகளில் ஒருவர் மட்டும் மற்ற இருவரோடு சேராமல் தனித் தீர்ப்பு எழுதினார். அவர் சங்கரன் நாயர். பாரதியின் பாட்டு ஒன்றை எடுத்துவைத்து ஆராய்ந்தது அந்தத் தீர்ப்பு. புதுச்சேரியில் ஒதுங்கிக் கிடந்த ஒரு கவிஞனின் தமிழ் வரிகள் சென்னை ஹைகோர்ட்டின் ஆங்கிலத் தீர்ப்புக்குள் போய் உட்கார்ந்தன.

சங்கரன் நாயரை யாரும் புரட்சிக்காரர் என்று சொல்ல முடியாது. 1897-ல் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், அரசு வக்கீலாக இருந்தவர், சர் பட்டம் பெற்றவர். 1915-ல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் உறுப்பினரானார். ஓர் இந்தியர் அன்று ஏறக்கூடிய உச்சிப்படி அதுதான். 1919-ல் ஜாலியன்வாலா பாக் நடந்தது. பஞ்சாபில் ராணுவச் சட்டம் நீடித்ததை எதிர்த்து அந்தப் பதவியை உதறிவிட்டு வெளியே வந்தார்.

அதோடு விடவில்லை. 1922-ல் காந்தியின் ஒத்துழையாமையைத் தாக்கி ஒரு புத்தகம் எழுதினார். காந்தியை ஏற்காத அந்தப் புத்தகத்திலேயே, பஞ்சாப் கொடுமைகளுக்கு அன்றைய லெப்டினன்ட் கவர்னர் மைக்கேல் ஓட்வையர்தான் பொறுப்பு என்றும் எழுதினார். ஓட்வையர் லண்டனில் மானநஷ்ட வழக்குப் போட்டார். 1924-ல் ஆங்கிலேய நீதிபதி, ஆங்கிலேய ஜூரி. ஐந்து வாரம் நடந்தது விசாரணை. நீதிபதி மெக்கார்டி ஒளிவுமறைவில்லாமல் ஓட்வையர் பக்கம் சாய்ந்தார். ஜூரி 11-க்கு 1 என்று பிரிந்தது. அந்த ஒருவரைத் தவிர எல்லாரும் ஓட்வையர் பக்கம். சங்கரன் நாயர் 500 பவுண்டு நஷ்ட ஈடும் வழக்குச் செலவும் கட்ட வேண்டும். மன்னிப்புக் கேட்டால் பணத்தை விட்டுவிடுகிறேன் என்றார் ஓட்வையர். சங்கரன் நாயர் மன்னிப்புக் கேட்கவில்லை. பணத்தைக் கட்டினார்.

ராஜத்துரோகச் சதி வழக்கில் பெஞ்சில் உட்கார்ந்து தனிக்குரல் எழுப்பிய மனிதர், பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே சாம்ராஜ்யத்தின் தலைநகரில் பிரதிவாதியாக நின்று அதே தனிக்குரலில் பேசினார். ஆஷ் வழக்கைத் தொட்டவர்களில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர்தான் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எதிரிகள் தரப்பு வக்கீல்களில் ஒருவர் டி. பிரகாசம். 1946-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார், 1953-ல் ஆந்திர மாநிலத்தின் முதல் முதலமைச்சரானார். அவர் கதை எல்லாருக்கும் தெரிந்தது.

தெரியாத கதை நீலகண்டனுடையது.

தண்டனை விழும்போது அவருக்கு 22 வயது. 1914-ல் பெல்லாரி சிறையிலிருந்து தப்பினார். பிடித்துக்கொண்டு வந்து உள்ளே போட்டார்கள், தண்டனையும் கூடியது. 1919-ல் வெளியே வந்தபோது உலகப்போர் முடிந்திருந்தது, காந்தி வந்திருந்தார், அவர் கட்டிய ரகசியச் சங்கத்தின் சுவடே இல்லை. கையில் காசு இல்லை. முன்னாள் கைதிக்கு வேலை கொடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

அந்தப் பசி நாட்களில்தான் திருவல்லிக்கேணியில் பாரதியைத் தேடிப் போனார். சாப்பிட்டு நாளாகிவிட்டது என்று நீலகண்டன் சொல்லக் கேட்டுக் கொதித்துப்போய்த்தான், தனியொருவனின் பசியைப் பற்றித் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த அந்த ஆவேச அடியைப் பாரதி பாடினார் என்று ஒரு செய்தி வழங்கிவருகிறது. இரண்டு பேருமே பட்டினியை அறிந்தவர்கள் என்பதால் இதை நம்ப எனக்குத் தடையில்லை.

1921 செப்டம்பர் 11 இரவு. பாரதி படுத்த படுக்கை. மருந்தை மறுக்கிறார். கூட இருந்து கண் விழித்த நண்பர்கள் சிலர். பரலி சு. நெல்லையப்பர் இருந்தார், லட்சுமண ஐயர் இருந்தார். அவர்களோடு, ஆஷ் வழக்கின் முதல் எதிரியும் இருந்தார். நள்ளிரவு தாண்டியதும் பாரதியின் மூச்சு அடங்கியது. சூரியோதயம் பத்திரிகையில் பாரதியோடு வேலை பார்த்த அந்தப் பையனுக்கு அப்போது வயது 31.

அடுத்த ஆண்டே மறுபடி கைது. இந்த முறை பொதுவுடைமைப் பிரசுரங்கள். பத்து ஆண்டு தண்டனை. முதல் தண்டனையாவது ஒரு கொலையின் நிழலில் விழுந்தது. இரண்டாவது தண்டனை அச்சடித்த தாளுக்காக. சிறைக்கு மேல் சிறையாக, பஞ்சாப் வரைக்கும் மாற்றிக்கொண்டே போனார்கள். வெளியே விட்டது 1930-ல். 22-லிருந்து 40 வயது வரைக்கும் அவருக்குக் கிடைத்த சுதந்திரம் மூன்று ஆண்டு!

இங்கேதான் இந்தக் கதை யாரும் எதிர்பார்க்காத திசையில் திரும்புகிறது. மறுபடி சங்கம் கட்டுவார் என்றுதான் போலீஸ் எதிர்பார்த்திருக்கும். நீலகண்டன் மலையேறிவிட்டார். மைசூர் சமஸ்தானத்து நந்தி மலையடிவாரத்தில் ஆசிரமம் போட்டார். சத்குரு ஓம்கார் என்று பெயர். தரிசனத்துக்கு வந்த பக்தர்களில் பலருக்கு, எதிரே உட்கார்ந்திருக்கும் சாமியார் ஒரு காலத்தில் குங்குமத் தண்ணீரைக் கையில் கொடுத்து சபதம் வாங்கியவர் என்பது தெரியாது. 1978 மார்ச் 4-ம் தேதி, 88-வது வயதில் மறைந்தார். சுதந்திரத்தைப் பார்த்தார், எமர்ஜென்சியையும் பார்த்தார். தியாகி என்று கேட்டு வாங்கிக்கொள்ள எத்தனையோ இருந்த காலத்தில், பழைய பெயரையே துறந்துவிட்டார்.

சிலர் இதைத் தோல்வி என்பார்கள். பதினைந்து ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்த ஒருவர் இப்படித்தான் வாழ வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கக் கூடாது.

வ.வே.சு. ஐயர் மேல் வழக்கின் கை படவில்லை. பிரெஞ்சு எல்லைக்குள் அவரைத் தொட முடியவில்லை. போர் முடிந்து பொதுமன்னிப்பு வந்த பிறகு திரும்பினார். பத்திரிகை நடத்தினார், அதற்காகச் சிறை சென்றார், பெல்லாரிச் சிறையில் கம்பனைப் பற்றி எழுதினார். சேரன்மாதேவியில் குருகுலம் தொடங்கினார். அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு போடப்பட்ட விவகாரம் மாகாணத்தையே உலுக்கியது. அந்தக் கோபம் நியாயமான கோபம். வாஞ்சியின் கடிதத்தில் இருந்த அதே முள், பதினான்கு ஆண்டு கழித்து வேறொரு பந்தியில் தைத்தது. விவகாரம் ஆறுமுன்பே, 1925 ஜூனில், பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் மகள் சுபத்ரா வெள்ளத்தில் விழுந்தாள். காப்பாற்றக் குதித்த ஐயரும் போய்விட்டார்.

இன்னும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ரயில் பெட்டியில் கணவன் எதிரே உட்கார்ந்து அந்தத் துப்பாக்கி வெடித்ததைக் கண்ணால் பார்த்தவர் மேரி லிலியன் ஆஷ். நான்கு பிள்ளைகளோடு அயர்லாந்து திரும்பினார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1954-ல் காலமானார். செங்கோட்டையில் வாஞ்சியின் மனைவி பொன்னம்மாள். கணவன் போனான், மைத்துனன் என்ற முறையில் வீட்டுக்கு வந்துபோன சங்கரகிருஷ்ணனும் சிறைக்குப் போனான். சின்னஞ்சிறு வயதில் விதவையான அவரும் சுதந்திரத்துக்குப் பிறகு வரை வாழ்ந்தார். ஒரே நிமிடத்தில் தாலி இழந்த இரண்டு பேருக்கும் அதற்குப் பின் நெடுங்காலம் ஆயுள் இருந்தது. 2011-ல் நூறாண்டு நிறைந்தபோது, ஆஷின் பேரன் குடும்பத்தார் வாஞ்சியின் குடும்பத்தாருக்கு நட்பும் சமாதானமும் சொல்லி ஒரு செய்தி அனுப்பினார்கள்.

கூண்டில் ஏறியவர்கள், தீர்ப்புச் சொன்னவர்கள், வாதாடியவர்கள், வெளியே இருந்து அழுதவர்கள் எல்லாரும் வந்தாயிற்று. போலீஸ் தயாரித்த பட்டியலில் இன்னும் ஒரு பெயர் அடிக்கப்படாமல் நிற்கிறது.

மணியாச்சியில் வாஞ்சி தனியாக இல்லை. அவரோடு இன்னொரு இளைஞனைப் பார்த்ததாகச் சாட்சிகள் சொன்னார்கள். குண்டு வெடித்ததும் பிளாட்பாரத்தில் இருந்த கூட்டம் வாஞ்சியைத் துரத்தியது. அந்த நேரத்தில் மற்றவன் எதிர்ப்பக்கம் போய்விட்டான். போலீஸ் அந்த உருவத்துக்கு ஒரு பெயர் வைத்தது: ஒட்டப்பிடாரம் மாடசாமி. வ.உ.சி.யின் சொந்த ஊர்க்காரர். வ.உ.சி.யோ அப்போது கண்ணூர்ச் சிறையில். வாரண்ட் பிறந்தது. ஒட்டப்பிடாரத்தில் தேடினார்கள், தூத்துக்குடியில் தேடினார்கள், புதுச்சேரி எல்லையில் வேவுகாரர்களை நிறுத்தினார்கள். கப்பலேறிவிட்டான் என்றார்கள் சிலர், பெயர் மாற்றிக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறான் என்றார்கள் சிலர். வழக்கு நடந்து, தீர்ப்பு வந்து, அப்பீலும் முடிந்தது. மாடசாமி வரவில்லை.

கொலை நடந்த இடத்திலேயே இல்லாத நீலகண்டனுக்கு 7 ஆண்டு. கொலை நடந்த பிளாட்பாரத்தில் நின்றதாகச் சொல்லப்பட்ட ஒரே ஆளைப் பிரிட்டிஷ் போலீஸ் கடைசிவரை பிடிக்கவே இல்லை. மணியாச்சியிலிருந்து மாடசாமி எந்தப் பக்கம் போனார், அவருக்குக் கதவு திறந்தது யார்?

(தொடரும்)